கீழ்நெடுவாய் பள்ளியின் ‘இ’ பிரிவில் மீதமிருக்கும் பதினாறு பேர்

அனுப்புநர்:
லூ. ரேகா (வயது 39),
த/பெ. லூர்துசாமி,
கிளை அஞ்சல் அதிகாரி,
மாதா கோயில் தெரு, கீழ்நெடுவாய்,
புவனகிரி வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: கல்வி – கீழ்நெடுவாய் மாணிக்கவல்லி நினைவு மேல்நிலைப் பள்ளி – பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களுக்குத் தனி வகுப்பு தொடங்கியதை அடுத்து மற்ற மாணவர்கள் வெளியேற்றப்படுதல் – வெளியேற்றப்பட்ட மாணவிகள் வெளிமாவட்ட நூற்பாலைக்கு அழைத்துச் செல்லப்படுதல் – 18.11.2024 திங்கள் காலைக்குள் தடுத்து நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பள்ளித் தலைமையாசிரியருக்கு நான் நேரில் கொடுத்த கடிதம், நாள் 05.11.2024 (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கீழ்நெடுவாய் கிளை அஞ்சலகத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தபாலைப் பதிவு செய்வதும், வந்த தபாலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான் ஒருத்திதான். என் மகள் எழிலரசி மேற்படி பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படிப்பவர்களுக்கென்று இந்த ஆண்டு தொடங்கப்பட்ட ‘சிகரம்’ வகுப்பில் இருக்கிறாள். இந்த மனுவால் அவளுக்கு ஆதாயம் எதுவும் இல்லை, இழப்புதான் இருக்கும் என்பது தெரிந்தே எழுதுகிறேன். முறைப்படி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுக்க வேண்டிய மனு இது. அந்தத் திங்கட்கிழமை வரை ஏன் பொறுக்க முடியாது என்பதைக் கீழே தெரிவித்துள்ளேன்.

2. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. நானும் இதே பள்ளியில்தான் படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். மீதி நேரம் மற்றவர்களின் நோட்டுக்கு மார்ஜின் போட்டுக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. இதைவிடக் கடினமான கணக்கு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஓடக்கூடிய பிள்ளையை நடக்க மட்டுமே விடுவதும் ஒரு அநீதிதான் என்பது என் அனுபவம். ஆகவே கடந்த ஜூன் 22ஆம் தேதி பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ‘சிகரம்’ வகுப்பு பற்றிச் சொன்னபோது முதலில் கைதூக்கியவள் நான். எழுந்து நின்று ஆதரித்தும் பேசினேன். கூட்டத்தின் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

3. ஜூன் 26 அன்று தேர்வு வைத்து முப்பது பேரை எடுத்தார்கள். என் மகள் நான்காவதாக வந்தாள். வகுப்பு நன்றாகவே நடந்தது என்பதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். கணக்கு ஆசிரியை திருமதி காயத்ரி கொடுத்த ஒரு கணக்கை என் மகள் மூன்று நாள் மனதில் வைத்துக்கொண்டு அலைந்தாள். சாப்பிடும்போது தட்டில் விரலால் கோடு போட்டாள். மூன்றாம் நாள் மாலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்து, ‘ம்மா, வந்துருச்சிம்மா!’ என்று கத்தினாள். என் வயதுக்கு நான் அறியாத சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இந்த மனுவில் என் மீது எனக்குள்ள முதல் புகார் அதுதான்.

4. பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியை ஒருவர்தான். இன்னொரு பணியிடம் காலியாக உள்ளது. அந்த ஒருவரையும் ஜூலை 1 முதல் முழுமையாகச் ‘சிகரம்’ வகுப்புக்கு மாற்றினார்கள். மீதியிருந்தவர்களில் நாற்பத்தெட்டுப் பேர் ‘ஆ’ பிரிவு. அவர்களுக்கு அறிவியல் ஆசிரியரே கணக்கையும் சேர்த்து எடுக்கிறார். கடைசி இருபத்தேழு பேரை ‘இ’ பிரிவு என்று பிரித்து, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், பழைய சத்துணவுச் சாமான் அறையில் உட்கார வைத்தார்கள். அந்த அறைக்குக் கணக்கு ஆசிரியர் என்று எவரும் நியமிக்கப்படவில்லை. இது எனக்கு அக்டோபர் மாதம்தான் தெரியவந்தது. என் மகளுக்கு ஜூலையிலேயே தெரியும். அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

5. அந்த இருபத்தேழு பேரில் ஒருத்தி கயல்விழி, வயது 15. ஆறாம் வகுப்பிலிருந்து என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இவளுடைய தாயார் சவரியம்மாள் பரங்கிப்பேட்டை அன்னங்கோயில் துறையில் மீன் எடுத்து எங்கள் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து விற்பவர். தகப்பனார் காலமாகிவிட்டார். கயல்விழி ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் 61 மதிப்பெண் பெற்றவள் (மதிப்பெண் பட்டியல் நகல், இணைப்பு 1). ஜூன் 26 அன்று தாயாரைக் காய்ச்சலுக்காகச் சிதம்பரத்தில் மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் அவள் தேர்வு எழுதவில்லை. தேர்வு எழுதாதவர்கள் தாமாகவே கடைசிப் பிரிவு என்று வைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கணக்கு ஆசிரியர் இல்லாத அறையில் இருந்துவிட்டு அவள் காலாண்டுத் தேர்வில் எடுத்தது 19.

6. அக்டோபர் 14 அன்று பள்ளி எழுத்தர் திரு. அன்பரசு பதினொரு பதிவுத் தபால்களை என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாம் எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கும் போக வேண்டியவை. பக்கத்துத் தெருவுக்குப் போகும் தபாலும் பையில் சிதம்பரம் போய்த்தான் திரும்பி வரும். 16ஆம் தேதி மழையில் திரும்பி வந்தன. அன்றே கொடுக்கத் தொடங்கினேன். தபாலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை அல்ல. ஆனால் சவரியம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துவிட்டு, ‘நீயே பிரிச்சிப் படிம்மா, எனக்கு ஈரக்கொலையே நடுங்குது’ என்றார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் படித்தேன். ‘தங்கள் மகள் காலாண்டுத் தேர்வில் போதிய முன்னேற்றம் காட்டாததால், மாணவியின் நலன் கருதி, பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் முன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு, தனித்தேர்வராக எழுத ஏற்பாடு செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்’ என்று இருந்தது (இணைப்பு 2, சவரியம்மாளின் சம்மதத்துடன்). அதாவது அவள் பள்ளியின் கணக்கில் தோல்வியாக விழுந்துவிடக் கூடாது, விழுவதாக இருந்தால் பள்ளிக்கு வெளியே விழ வேண்டும் என்பதே அதன் பொருள். சவரியம்மாள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘அப்ப நாளைக்கு இஸ்கூலுக்கு அனுப்பட்டுமா, வேணாமா?’ 

7. மறுநாள் 17ஆம் தேதி சவரியம்மாள் பள்ளிக்குப் போனார். இரண்டு மணி நேரம் நிற்க வைத்துச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

8. 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, நான் அதுவரை பார்த்திராத ஒருவர் அஞ்சலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. மிகவும் மரியாதையாகப் பேசினார். ஒரு தாளை மேசை மேல் விரித்து, ‘மேடம், இவங்க வூடெல்லாம் எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா புண்ணியமா போவும். தெருப் பேர் தெரியுது, வூடு தெரியல’ என்றார். அது கணினியில் அச்சடித்த பட்டியல். தலைப்பில் ‘10 – இ பிரிவு’ என்று இருந்தது. இருபத்தேழு பெயர்கள், தகப்பனார் பெயர், தெரு, காலாண்டு மதிப்பெண். அவற்றில் பதினொரு பெயர்களுக்கு நேராகச் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தது. நான் இரண்டு நாள் முன்பு பையிலிருந்து எடுத்த பதினொரு பெயர்கள் அவை.  யார் வீடு எங்கே என்று விசாரித்துச் சொல்வதாகக் கூறி என் கைபேசியில் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டேன் (இணைப்பு 3). அவர் தடுக்கவில்லை. எதற்காக என்று கேட்டேன். ‘படிப்பு ஏறாத புள்ளைங்களுக்கு ஒரு வழி காட்டறோம் மேடம். நல்ல மில்லு, ஆஸ்டல், டிவி எல்லாம் இருக்கு’ என்றார். பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பட்டியலை அவரிடம் யார் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதவில்லை.

9. இந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். சவரியம்மாள் வீட்டுக் கடிதத்தைப் படித்த பிறகு, பதினொன்றில் கடைசிக் கடிதத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது சடையப்பன் என்ற விவசாயியின் மகள் இலக்கியா தொடர்பானது. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பொய்யாக எழுதி மூன்று நாள் என்னிடமே வைத்திருந்தேன். பதினான்கு ஆண்டில் நான் எழுதிய ஒரே பொய் அது. அதற்குரிய தண்டனையை என் துறை கொடுத்தால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அந்தப் பொய்யால் ஓர் உண்மை வெளிவந்தது. 19ஆம் தேதி காலை சடையப்பன் சேற்றோடு வயலிலிருந்து நேராக அஞ்சலகத்துக்கு வந்தார். ‘என்னா ரேகா, எம் பொண்ணுக்கு டி.சி. குடுக்கறாங்களாம்! பெத்தவன் எனக்கே தெரியாதது வேன்ல வந்த அந்த வெள்ளச் சட்டக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சிது? நேத்து சாயங்காலம் வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு, ‘அதான் இஸ்கூல்ல வேணான்னுட்டாங்களே, அனுப்பி வெய்யுங்க’ன்றான். வெரட்டி உட்டுட்டேன்’ என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதம் பிரிக்கப்படாமல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அன்றே அவரிடம் ஒப்படைத்து நடந்ததைச் சொன்னேன். கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அந்த ஆளுக்குச் செய்தி போயிருக்கிறது என்பதற்குச் சடையப்பன் சாட்சி. அவர் சான்றிதழ் வாங்க மறுத்துவிட்டார். இலக்கியா இன்றும் அந்தச் சாமான் அறைக்குப் போய்வருகிறாள்.

10. சவரியம்மாளுக்கு விரட்டத் துணிவில்லை. படிப்பு போய்விட்டது என்று பள்ளியே எழுதிக் கொடுத்த பின், பெண்ணை வீட்டில் தனியாக விட்டுவிட்டு விடியலில் துறைக்குப் போக வேண்டியவர் அவர். ‘தீபாவளிக்கு அழைச்சாந்து உடுறோம்’ என்று அந்த ஆள் சொன்னதை நம்பினார். 21ஆம் தேதி திங்கள் காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஜன்னலுக்குத் திரை போட்ட வெள்ளை வேன் வந்து நின்றது. நானும் என் மகளும் போயிருந்தோம். கயல்விழி தன் பள்ளிப் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்டு அதிலேயே துணிகளை வைத்திருந்தாள். அவளோடு சேர்த்து நான்கு பெண்கள் ஏறினார்கள். நான்கு பேரும் அந்தப் பதினொருவரில் இருந்தவர்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒவ்வொருவராக ஏறும்போது தாளில் குறித்துக்கொண்டார். எந்த ஆலை, எந்த ஊர் என்று நான் கேட்டதற்கு, ‘போயி சேர்ந்ததும் அவங்களே போன் பண்ணுவாங்க’ என்றார். இத்தனை சீட்டு காலியாக இருக்கிறதே என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, ‘ரொம்பிடும்’ என்றார். வேன் கிளம்பும்வரை எஞ்ஜினை அணைக்கவில்லை.

11. முதல் வாரம் கயல்விழி இரண்டு முறை பேசினாள். 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் கைபேசிக்கு அழைத்தாள். சவரியம்மாளும் என் மகளும் அருகில் இருந்தார்கள். சாப்பிட்டியா என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்.’ எந்த ஊர் என்று கேட்டாலும் ‘நல்லா இருக்கேன் அத்தை.’ தீபாவளிக்கு எப்போது வருகிறாய் என்று தாயார் கேட்டபோதும் அதே பதில்தான். அருகில் யாரோ நிற்கிறார்கள் என்பது எங்கள் மூவருக்கும் புரிந்தது. கடைசியாக மட்டும் அவசர அவசரமாக, ‘எழிலு, என் கணக்கு நோட்டு இ கிளாஸ் டெஸ்க்குக்குள்ள கீது, யாரும் தூக்கிப் போட்டுடப் போறாங்க, எடுத்து வெய்டி’ என்றாள். அதன் பிறகு அந்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. தீபாவளிக்கு நால்வரில் எவரும் வரவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு நவம்பர் 2 அன்று தெரிவித்தோம். புகாரைக் குறித்துக்கொண்டு ஆலையின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். அது எங்களிடம் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரரிடம் இருக்கிறது.

12. நவம்பர் 4 அன்று தலைமையாசிரியரைச் சந்தித்தேன். உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். ‘ரேகா மேடம், உங்க பொண்ணு மாவட்ட அளவுல பேர் வாங்கப்போற பொண்ணு. உங்களுக்கு எதுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு? இருபத்தேழு பேருக்காக மத்தவங்க ரிசல்ட்டை நான் பலி குடுக்க முடியுமா?’ என்றார். கணக்கு ஆசிரியரே இல்லாமல் 61 எப்படி 61ஆகவே இருக்கும் என்று கேட்டேன். ஆசிரியர் பற்றாக்குறை அரசாங்கத்தின் விஷயம் என்றார். பிறகு அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ‘நீங்க எங்க பார்த்தீங்க?’ என்றுதான் கேட்டார். மறுநாள் இவை அனைத்தையும் கடிதமாக எழுதிக் கொடுத்தேன்.

13. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் 7ஆம் தேதி என் மகளைத் தாளாளர் அறைக்கு அழைத்திருக்கிறார்கள். ‘அடுத்தவங்க லெட்டரைப் பிரிச்சிப் படிச்சா தபால் வேலை போயிடும்னு உங்கம்மாவுக்குத் தெரியுமா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. ‘நீ மேல எழுதினா என்னை சிகரத்துல இருந்து தூக்கிடுவாங்கம்மா. எனக்கு அந்த கிளாஸ் வேணும்’ என்று அழுதாள். ஐயா, அவள் கேட்டதில் தவறில்லை. எனக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நானே பிடுங்குவதா என்று இரண்டு நாள் நான் எதுவும் எழுதவில்லை. அந்த இரண்டு நாட்களுக்காகவும் சவரியம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

14. 9ஆம் தேதி சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து வந்த என் மகள், பையிலிருந்து கயல்விழியின் கணக்கு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள் (இணைப்பு 4). ஜூலை 1 முதல் அக்டோபர் 16 வரை பள்ளி நடந்த ஒவ்வொரு நாளுக்கும் கயல்விழி ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே தேதி எழுதி, அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள். பக்கங்கள் காலியாக இருக்கின்றன. ஜூலையில் சில பக்கங்களில் புத்தகத்திலிருந்து தானாகவே கணக்கைப் போட்டுப் பார்த்து, பாதியில் நின்று, ‘டீச்சரைக் கேட்கணும்’ என்று எழுதியிருக்கிறாள். ஆகஸ்டு முதல் அதுவும் இல்லை, தேதி மட்டும். எப்போது ஆசிரியர் வந்தாலும் எழுதத் தயாராக இருந்திருக்கிறாள். என் மகள், ‘இதையும் வெச்சி அனுப்பும்மா’ என்றாள்.  திங்கட்கிழமை அவளை வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஆசிரியை திருமதி காயத்ரி மீது எனக்குப் புகார் இல்லை. ‘ரெண்டு பக்கமும் எடுக்கறேன்னு நான் எழுதியே குடுத்தேங்க. வேணாம்னுட்டாங்க’ என்று கோயில் வாசலில் என்னிடம் சொன்னார். சொல்லும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

15. வேனைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். நவம்பர் 4ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு அது மீண்டும் வந்தது. யாரும் ஏறவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனது. 11ஆம் தேதி வந்தது வேன் அல்ல, ஒரு சிற்றுந்து. அதிலும் யாரும் ஏறவில்லை. வெள்ளைச் சட்டைக்காரரும் இல்லை. ஓட்டுநர் மட்டும் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டே எங்கள் தெருவின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டதற்கு, ‘இன்னிக்கு ஆள் இல்லண்ணே. பெரிய வண்டி இங்க திரும்புமான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. திரும்புது’ என்று சொன்னார். நான் எதிர்ப்புறம் பால் சங்க வாசலில் நின்று காதால் கேட்டேன்.

16. இன்று, 14ஆம் தேதி வியாழக்கிழமை. பள்ளியில் குழந்தைகள் தின விழா நடந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் அஞ்சலகம் வரை கேட்டது. காலை பத்தே முக்காலுக்கு எழுத்தர் திரு. அன்பரசு ஒரு துணிப்பையோடு வந்தார். பதினாறு பதிவுத் தபால்கள். எண்ணிப் பார்த்தேன், திரும்பவும் எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழில் பதினொன்று போனால் மீதி பதினாறு. ‘அன்பரசு, இதுல என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியுமில்ல?’ என்று கேட்டேன். அவர் பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டே, ‘நான் சம்பளத்துக்கு இருக்கறவன்க்கா. சீக்கிரம் ரசீது போட்டுக் குடுங்க’ என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பதிவு செய்து ரசீது கொடுத்தேன். மாலைப் பையில் அவை சிதம்பரம் போய்விட்டன. அவற்றில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதைத் தபால் ஊழியராகிய நான் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. ஆனால் வெள்ளைச் சட்டைக்காரரின் பட்டியலில் டிக் போடாமல் விட்ட பதினாறு பெயர்கள் இணைப்பு 3இல் உள்ளன. அவற்றில் பதின்மூன்று பெண்களின் பெயர்கள். அவற்றைத் தாங்களே பார்க்கலாம்.

17. கோரிக்கைகள்:

(அ) ‘இ’ பிரிவு மாணவர் எவருக்கும் மாற்றுச் சான்றிதழ் வழங்கக் கூடாது என்று பள்ளிக்கு நாளைக்குள்ளேயே எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். சான்றிதழ் பெற்றுக்கொண்ட பத்துப் பேரையும் பொதுத் தேர்வுப் பெயர்ப் பட்டியல் முடிவாகும் முன் பள்ளியில் மீண்டும் சேர்க்க வேண்டும்.

(ஆ) கயல்விழி உள்ளிட்ட நான்கு மாணவிகள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அழைத்துவந்து தாய் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும். 11ஆம் தேதி வந்த சிற்றுந்தின் பதிவு எண்ணை இணைப்பு 5இல் எழுதியுள்ளேன். மற்ற முயற்சிகள் எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க முடியும் என்று நினைக்கிறேன்.

(இ) பள்ளிக்குள் மட்டுமே இருக்க வேண்டிய பட்டியல் வெளியாள் கைக்கு எப்படிப் போனது என்று விசாரிக்க வேண்டும். எழுத்தரைப் போன்ற கீழ்நிலை ஊழியரோடு அந்த விசாரணை நின்றுவிடக் கூடாது.

(ஈ) ‘சிகரம்’ வகுப்பை மூட வேண்டாம். இதைத் தயக்கத்தோடு கேட்கவில்லை, அழுத்தமாகவே கேட்கிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கடினமான பாடம் வேண்டும். ஆனால் அதற்கான ஆசிரியர் மற்ற பிள்ளைகளின் அறையிலிருந்து எடுக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டும். நிரப்பும்வரை திருமதி காயத்ரி எல்லாப் பிரிவுகளுக்கும் பாடம் எடுக்க அனுமதிக்க வேண்டும். என் மகளுக்கு வாரத்தில் மூன்று வகுப்பு குறைந்தால் குறையட்டும். நான் அவளிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றாள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரிவுகளை மாற்றிப் பார்க்க வேண்டும். தாயாரின் காய்ச்சலால் ஒருநாள் தேர்வைத் தவறவிட்டால் ஒரு பிள்ளையின் ஆயுளே மாறிப்போவது எந்த நியாயத்திலும் சேராது.

18. ஐயா, பதினாறு கடிதங்களும் 16ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிப் பையில் எனக்குத் திரும்பி வரும். ஒருமுறை பொய் எழுதியதுபோல் பதினாறு முறை எழுத என்னால் முடியாது. எழுதினாலும் பயனில்லை என்பதைச் சடையப்பன் விஷயத்தில் பார்த்துவிட்டேன். வந்த தபாலைச் சேர்ப்பிப்பது என் கடமை. பதினொரு மணிக்குக் கிளம்பினால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர மாலை நான்கு ஆகும். நடுவில் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். திங்கள் காலை ஐந்து மணிக்கு அந்தச் சிற்றுந்து எங்கள் தெருவில் திரும்பும்.

ஆகவே இந்த மனுவைத் தபாலில் அனுப்பாமல், நாளை வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, சவரியம்மாளையும் சடையப்பனையும் அழைத்துக்கொண்டு முதல் பேருந்தில் கடலூர் வருகிறேன். தங்களைப் பார்க்க எத்தனை மணி ஆனாலும் வாசலில் காத்திருப்போம். தங்களுடைய ஒரு கையெழுத்து நான் சனிக்கிழமை கொண்டுபோகும் கடிதங்களுக்கு முன்னால் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மிகவும் பணிவுடன் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்புகள்: மேலே குறிப்பிட்டவாறு ஐந்து. கணக்கு நோட்டு அசல். அதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்குமாறு தாயார் கேட்டுக்கொள்கிறார்.

இடம்: கீழ்நெடுவாய்
நாள்: 14.11.2024

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) லூ. ரேகா

உடன் மனுதாரர்கள்:
(ஒப்பம்) சடையப்பன், மாணவி இலக்கியாவின் தகப்பனார்
(இடது கைப் பெருவிரல் ரேகை) சவரியம்மாள், மாணவி கயல்விழியின் தாயார்